பச்சப்புள்ள போட்டோ: ஜன்னல் வெளிச்சமா, லைட் செட்டா?

அக்காக்கு மகன் பொறந்து 11ஆம் நாள். மட்டக்களப்புக் கல்லடியில அக்காட வீட்டு அறைக்குள்ள ரெண்டு ஜன்னலையும் சாத்தி, திரைச்சீலைய இழுத்து மூடி, ஃபேனையும் நிப்பாட்டிப்போட்டு, அந்த மாசம்தான் வாங்கின எல்ஈடி லைட்ட சொஃப்ட் பொக்ஸோட (வெளிச்சத்த மெதுவாக்கிற துணிப் பெட்டி) ஸ்டாண்ட்ல ஏத்தி வச்சிக்கொண்டு நிக்கன். யூடியூப்ல பாத்த மாதிரியே எல்லாம் இருக்கு, புள்ள மட்டும் அந்த மாதிரி இல்ல. முகமெல்லாம் செவந்து, மூக்கு நுனியில வேர்வ முத்து முத்தா நிக்கிது, சுத்தின துணிக்குள்ள கால உதைச்சி உதைச்சி அழுறான். அம்மம்மா கதவத் தொறந்து எட்டிப் பாத்திட்டு ஒரு கதைதான் கதைச்சா: "என்னகா புள்ள, கதவப் பூட்டிப்போட்டுப் பச்சமண்ண அவிக்கிறியா?"

லைட்ட நிப்பாட்டினன், ஜன்னலத் தொறந்தன். அண்டைக்கு நல்லா வந்த படம் எல்லாம் அதுக்குப் பொறகு எடுத்ததுதான்.

கலியாண வேலைக்கு அசிஸ்டன்ட்டாப் போய்க்கொண்டிருந்த நான் பச்சப்புள்ளைகளப் படம் எடுக்கத் தொடங்கி இப்ப ரெண்டு வருசத்துக்குக் கிட்ட ஆகுது. புதுசாத் தொடங்கப் போற தம்பி தங்கச்சிமார் கேக்கிற மொதல் கேள்வி "அக்கா, எந்த லைட் வாங்கிற?" எண்டதுதான். நான் மூண்டும் பாவிச்சிருக்கன், ஜன்னல், எல்ஈடி, ஃபிளாஷ். ஜன்னல் பக்கம்தான் சாயப்போறன், அத இப்பவே சொல்லிர்றன், பொறகு நடுநிலையா எழுதுறன் எண்டு சொல்லி ஏமாத்திட்டா எண்டு ஏசப்படாது.

காசுக் கதைய விடுவம். ஜன்னலுக்குக் காசில்ல, லைட்டுக்குக் காசு, என்ட எல்ஈடிக்கு மூண்டு கலியாணத்துக்குப் போன சம்பளம் போச்சு, அவ்வளவுதான். கமராவும் எதுவா இருந்தாலும் சரி. பழைய குரொப் பொடி (சின்ன சென்சர் உள்ள கமரா) ஒண்டும் 50 எம்எம் 1.8 லென்ஸ் ஒண்டும் இருந்தாத் தாராளம், கமராவோட வாற கிட் லென்ஸோட தொடங்கினாலும் குத்தமில்ல. ஒண்டு மட்டும், 1.8 இருக்கு எண்டு லென்ஸ் வாய முழுசாத் தொறந்து வச்சி எடுக்காதீங்க, பச்சப்புள்ளைட மூஞ்சி உள்ளங்கை அளவு, கிட்டப் போய் எடுக்கக்குள்ள கண்மடல் ஷார்ப்பா இருக்கும் மூக்கு மங்கிரும். வாயக் கொஞ்சம் சுருக்கி எஃப் 2.8ல இருந்து 4க்குள்ள நில்லுங்க.

ஸ்டூடியோ போடுறதா வீட்டுக்குப் போறதா எண்ட கேள்வியும் நம்மட பக்கம் அவ்வளவா இல்ல. சுருண்டு படுத்து அசையாமத் தூங்குற அந்தப் பச்சப்புள்ளப் படம் எடுக்கிறதுக்கு நல்ல நேரம் பொறந்து 5ஆம் நாளில இருந்து ரெண்டு கிழமைக்குள்ள, அதுக்குப் பொறகு கைய கால நீட்டத் தொடங்கிருவாங்க. நம்மட வீடுகள்ல 31 நாள் கழியாம ஆரு தாயையும் புள்ளையையும் வெளிக்கிட விடப்போறாங்க? காத்தான்குடி, சாய்ந்தமருதுப் பக்கம் 40 நாள். அப்ப நாமதான் போகோணும். (முஸ்லிம் வீடெண்டா ஃபோன்லயே கேட்டு வைங்க, 7ஆம் நாள் தலைமுடி எறக்குறது இருக்கு, முடியோட படம் வேணுமா எறக்கினப் பொறகா எண்டு. நான் கேக்காமப் போய், வாசலுக்குப் போகக்குள்ள புள்ள மொட்டத் தலையோட மூத்தம்மாட மடியில கெடக்கு.) நான் பொம்புள எண்டபடியா அறைக்குள்ள விடுறாங்க, அது ஒரு வசதி, தம்பிமாருக்கு அது எப்பிடிச் சரிவரும் எண்டு எனக்குச் சொல்லத் தெரியா.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறன். சூடு.

வெள்ளக்காரர்ட வீடியோ எதப் பாத்தாலும் மொதல்ல சொல்றது அறையச் சூடாக்குங்க, 27, 28 டிகிரிக்குக் கொண்டு வாங்க, ஹீட்டர் வைங்க. காரணம் சரி. பச்சப்புள்ளைக்கு உடம்புச் சூட்டத் தானாச் சமாளிக்கிற பக்குவம் இன்னும் வரல்ல, உடுப்பக் கழட்டினாக் குளிர்ந்திரும், முழிச்சிரும். ஆனா அது அவங்கட ஊருக்கு. மட்டக்களப்பில வைகாசி ஆனியில காலம பத்து மணிக்கே அறைக்குள்ள 30க்கு மேல நிக்கிது, நீங்க ஒண்டும் சூடாக்கத் தேவையில்ல, இருக்கிற சூட்ட எப்பிடி எறக்கிற எண்டதுதான் நம்மட கணக்கு. புள்ளைக்குக் குளிரும் ஆகா, சூடும் ஆகா, நாம பாத்துக்கொண்டிருக்கிறது எந்தப் பக்கம் எண்டதுதான் வித்தியாசம்.

எல்ஈடி லைட்டே பெரிசாச் சூடு தாறதில்ல, அதயும் நியாயமாச் சொல்லோணும். பிரச்சின லைட் இல்ல, லைட்டுக்காக நாம செய்ற வேல. ஜன்னல் தொறந்திருந்தா வெளிச்சம் ரெண்டு பக்கத்தால வரும், மூக்குக்கு ரெண்டு நெழல் விழும், வெளிய மாமரம் நிண்டா ஒரு கன்னம் பச்ச, லைட் பக்கத்துக் கன்னம் வேற நிறம். அதால ஜன்னலச் சாத்துறம். சாத்தினாக் காத்து நிக்கிது. ஃபேனப் போட்டா சொஃப்ட் பொக்ஸ் ஆடுது, பின்னால தொங்க விட்ட துணி ஆடுது, அதால ஃபேனும் இல்ல. போதாக்குறைக்கு என்ட லைட்டுக்குள்ளயே ஒரு குட்டி ஃபேன் இருக்கு, அது அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா ஊஊ எண்டு தொடங்கும், தொடங்கினதும் புள்ள ரெண்டு கையையும் விரிச்சித் திடுக்கிடும். இதுக்குள்ள சுத்தின துணி வேற. வேர்வ, மறுகா சிணுக்கம், மறுகா அழுக. புள்ள ஒருக்கா முழிச்சா லேசில்ல, தாய் பால் குடுத்து, தோள்ல போட்டு ஏவற எடுத்து, திருப்பித் தூங்க வைக்க முக்கா மணித்தியாலம் போகும். மூண்டு மணித்தியாலம் நிண்டு அண்டைக்கு லைட்டால எடுத்த படம் ஆறோ ஏழோ, அதிலயும் நாலில அழுறான்.

ஜன்னலத் தொறந்து வச்சா இந்தச் சங்கிலி முழுக்க அறுந்திரும். காத்து வருது, ஃபேனக் கொறைச்சி எதிர்ச் சுவர் பக்கம் திருப்பி விடலாம், புள்ள ஒண்டரை மணித்தியாலம் அசையாமத் தூங்குது. பச்சப்புள்ளப் படத்தில பாதி வேல தூக்கம்தான், தூங்குற புள்ளைய எந்த வெளிச்சத்திலயும் ஓரளவு எடுத்திரலாம், வேர்த்து விறுவிறுத்து அழுற புள்ளைய எந்த லைட்டாலயும் ஏலாது.

சரி, ஜன்னல எப்பிடிப் பாவிக்கிற? கட்டில் மெத்தைய எடுத்து ஜன்னல்ல இருந்து ரெண்டு மூண்டு அடி தள்ளி நிலத்தில போடுங்க. நிலத்தில எண்டா உருண்டாலும் விழ எடமில்ல. புள்ளைட தல ஜன்னல் பக்கம், கொஞ்சம் சரிவா, வெளிச்சம் நெத்தியால எறங்கி நாடிக்கு வரோணும். கால் பக்கத்தால வந்தா மூக்கு நெழல் மேல போகும், சின்னனில டோர்ச்ச நாடிக்குக் கீழ புடிச்சிப் பேய் காட்டுவமே, அதுதான். வெயில் நேர விழுந்தா, இல்லாட்டி ஜன்னல் கம்பிட நெழல் கோடு கோடா புள்ள மேல விழுந்தா, ஒரு வெள்ள வேட்டியத் துணிக் கிளிப்பால கம்பியில கொழுவி விடுங்க. அக்காட மனிசன்ட வேட்டிதான் என்ட மொதல் டிஃபியூஷர் (வெளிச்சத்தப் பரப்பி மெதுவாக்கிற திரை), இப்பவும் அதுதான், திருப்பிக் கேக்கிறார், குடுக்கல்ல. மத்தப் பக்கத்து இருட்டுக்கு ஹார்ட்வெயார்ல ஒரு வெள்ள ரெஜிபோம் (தெர்மோகோல்) ஷீட் வாங்கி நிமித்தி வைங்க, வெளிச்சம் அதில தெறிச்சி வரும், போதும். கமராவில ஷட்டர் வேகம் 1/200, ஐஎஸ்ஓ (கமரா வெளிச்சத்துக்கு எவ்வளவு கூர்மை எண்ட அளவு) 800 எண்டு தொடங்குங்க, இருட்டினா ஐஎஸ்ஓவ ஏத்துங்க, ஷட்டர எறக்காதீங்க, தூக்கத்திலயும் விரல் துடிக்கும். ஐஎஸ்ஓ ஏத்தினாப் புள்ளி விழும், புள்ளி விழுந்த படத்தத் தாய் மன்னிப்பா, மங்கின படத்த மன்னிக்க மாட்டா.

நம்மட ஊர்ல சூரியன் கடல் பக்கத்தால ஏறுது, கிழக்குப் பாத்த ஜன்னல் எண்டா வெள்ளன நேர அடிக்கும், அதால காலம எண்டா வடக்கு, மேற்கு ஜன்னல்தான் நல்லம். இன்னொண்டு சுவர் நிறம். பச்ச, நீலம், ரோஸ் எண்டு அடிச்ச அறைகள்தான் கூட, அந்த நிறம் அப்பிடியே புள்ளைட கன்னத்தில ஏறும். சுவருக்கும் புள்ளைக்கும் நடுவில அந்த ரெஜிபோமையே வச்சா முக்கால்வாசி சரி. தோல் நிறம் எண்டதால சொல்றன், மலிவான எல்ஈடி பல்புகள்ட வெளிச்சத்தில செவப்புக் கொறைவு, புள்ள சாம்பல் பூத்த மாதிரி வரும். ஜன்னல் வெளிச்சத்தில உள்ளது உள்ள மாதிரித் தெரியும், 3ஆம் 4ஆம் நாள் மஞ்சள் கண்டிருந்தா அதும் தெரியும். தெரிஞ்சா எடிட்டிங்ல அழிக்கிறத்துக்கு முந்தி தாயிட்டச் சொல்லுங்க, மிட்வைஃபுக்குக் காட்டட்டும்.

இனி ஜன்னல் தோக்கிற எடம். மார்கழியில கொக்கட்டிச்சோலைக்கு அங்கால ஒரு வீடு. மண்முனைப் பாலத்தால ஸ்கூட்டியில போறன், மழ, ஆத்துக் காத்து ஆள இழுக்கிது. அங்க போனா ரெண்டு சின்ன ஜன்னல், பத்து மணிக்கே அந்திப்பட்ட மாதிரி இருட்டு. ஜன்னல் சின்னனெண்டா நான் கதவுக்குப் போவன், விறாந்தைக் கதவ விடப் பெரிய ஜன்னல் இல்ல. ஆனா அண்டைக்கு விறாந்தையெல்லாம் சாரல். போதாக்குறைக்குக் கரண்டும் போச்சு. எல்ஈடி கொண்டு போயிருந்தாலும் அது வெறும் பெட்டி. பேக்குக்குள்ள கெடந்த ஃபிளாஷ்தான் காப்பாத்தினது, நாலு பென்டோர்ச் பெட்டரியில ஓடுற சாமான். அதையும் புள்ளைக்கு நேர அடிக்கேலா, மேல அடிச்சித் தெறிக்க வைப்பம் எண்டா வீட்டுக்குச் சீலிங்கே இல்ல, ஓடு, கைமரம், கறுத்த இருட்டு. ரெண்டு பேரப் புடிச்சி வெள்ள பெட்சீட் ஒண்ட விரிச்சிப் புடிக்கச் சொல்லி அதில அடிச்சன். வந்திச்சு. அருமையா வந்திச்சு எண்டு சொல்லமாட்டன், வந்திச்சு.

அதால மாரிக்கும் பின்னேர வேலைக்கும் ஒரு ஃபிளாஷ் வேணும் எண்டுதான் நானும் சொல்லுவன், எல்ஈடி இல்ல. கண்ணுக்குக் கூடா எண்டு அம்மம்மாமார் சண்டைக்கு வருவாங்க, கமரா ஃபிளாஷால கண் கெடுறதில்ல எண்டுதான் கண் டொக்டர்மார் சொல்றது, ஆனாலும் நான் வாதாடப் போறதில்ல, சீலையில தெறிக்க வைக்கிறன் பாருங்க எண்டு காட்டினா அடங்கிருவாங்க. உண்மையச் சொல்லப்போனா நான் ஃபிளாஷ் பாவிச்சது மொத்தம் நாலு வீட்டில, அதால அதப்பத்தி இதுக்கு மேல நான் கதைச்சாப் பொய். ஏசி பூட்டின அறையும் ஒரே ஒரு வீட்டிலதான் பாத்தன், அப்பிடி அறை எண்டா சூட்டுக் கதை முழுக்க மாறும், அங்க எல்ஈடி நல்லாவே வேல செய்யலாம்.

ஸ்டாண்டப்பத்தி ஒரு பயம் இருக்கு, அதயும் எழுதிர்றன். பீன் பேக், கூடை, பூ எண்டு சாமான் வாங்கிக் காசக் கரைக்காம, ஏணையில எடுங்க, பன் பாயில எடுங்க, சுத்துறதுக்கு மருதமுனைக் கைத்தறித் துணி எடுங்க, ஒருக்காத் துவைச்சா மெத்தெண்டு வரும், நிறமும் வெளிநாட்டுச் சுத்துத் துணிய விட அழகு. ஆனா ஆடுற ஏணைக்குக் கிட்ட லைட் ஸ்டாண்ட் ஒண்டு நிக்கிறத நெனைச்சாலே எனக்கு வயித்தக் கலக்கும். ஒரு மூத்த புள்ள ஓடி வந்து வயர்ல தட்டினாப் போதும். மத்தது, நாடிக்குக் கை குடுத்துத் தவள மாதிரி இருத்தி எடுத்த படங்கள் பாத்திருப்பீங்க, அது ரெண்டு படத்த ஒட்டினது, ஒவ்வொண்டிலயும் ஒராள்ட கை புள்ளையத் தாங்கிக்கொண்டு இருந்திருக்கும். அத வீட்டில செஞ்சி பாக்கவே வேணாம்.

என்ட எல்ஈடி இப்ப மச்சாள்ட வீட்டில, அவ கேக் படம் எடுக்கிறா. விக்கப் பாத்தன், வாங்கின விலையில பாதி கேட்டாலும் ஆளில்ல. 50 எம்எம்முக்கு மட்டும் இண்டைக்கும் ஆள் கேட்டு வருது, ஆனா அத ஒழுங்கா வச்சிருக்கோணும், கடக்கரை ஈரத்துக்கு மூணு மாசம் பேக்குக்குள்ளயே கெடந்தா கண்ணாடியில பூஞ்சணம் புடிக்கும், காத்துப் போகாத டப்பாவில சிலிக்கா ஜெல்லோட போட்டு வைங்க.

நாளைக்குக் களுவாஞ்சிக்குடியில ஒரு வீடு, பொம்புளப் புள்ள, 9 நாள். நேத்தே தாயிட்டச் சொல்லி ஒம்பது மணிக்கு அறைய ஃபோனால படம் எடுத்து அனுப்ப வச்சன். மேற்குப் பாத்த பெரிய ஜன்னல், பக்கத்தில மல்லிகப் பந்தல், சுவர் மட்டும் கிளிப்பச்ச. ரெஜிபோம் ரெண்டு ஷீட் கட்டி வச்சிட்டன். அம்மம்மா கன்னத்தில வைக்கப் போற பொட்டு எவ்வளவு பெரிசு எண்டதுதான் போனாத் தெரியும்.