படகுத் தளத்துக்கு மெரைன் பிளைவுட்: இரண்டு மழைக்காலங்களுக்குப் பிறகு

பழவேற்காடு ஏரியில் நாங்கள் ஓட்டும் 18 அடி ஃபைபர் படகின் தளம், மூன்றாவது ஆண்டிலேயே காலடியில் அமுங்கத் தொடங்கியது. பெயர்த்துப் பார்த்தபோது மேலே ஒட்டியிருந்த ஃபைபர் தோல் மட்டும் முழுதாக இருந்தது. உள்ளிருந்த பலகையோ ஊறிய அட்டையைப் போல் அடுக்கடுக்காகக் கையோடு வந்தது. தண்ணீர் தாங்கும் என்று சொல்லி விற்கப்பட்ட அந்தப் பலகை, வீட்டு அலமாரிகளுக்குப் போடும் சாதாரண வகை என்பதைத் தச்சர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அதன் இடத்தில் 12 மி.மீ. மெரைன் பிளைவுட்டை (நீரில் ஊறினாலும் பசை விடாத ஒட்டுப்பலகை) போட்டு இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன.

மெரைன் என்று கடைக்காரர் வாயால் சொல்வது போதாது. பலகையின் மேல் ஐ.எஸ். 710 என்ற தர எண்ணும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும், உரிம எண்ணும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் கடையில் நின்றபடியே சரிபார்த்துக்கொள்ளலாம். இந்தத் தரத்துக்கான பசை, 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் விடாமல் பிடித்திருக்க வேண்டும்; அலமாரிகளுக்கு விற்கப்படும் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரை ஓரளவு தாங்கும்) வகைக்கு அந்தச் சோதனை 8 மணி நேரம்தான். முத்திரையோடு நிறுத்திவிடாமல், பலகையின் நான்கு விளிம்புகளையும் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. உள்ளடுக்குகளுக்கிடையே சந்து தெரிந்தால், அதுவே பின்னாளில் தண்ணீர் ஓடும் வாய்க்காலாகிவிடும். நாங்கள் முதலில் எடுத்துவந்த இரண்டு பலகைகளில் ஒன்றை இந்தக் காரணத்துக்காகவே திருப்பிக் கொடுத்தோம்.

வேறு பொருள்களையும் யோசிக்காமல் இல்லை. வீட்டு வேலைக்கு விற்கும் பி.வி.சி. போர்டு அழுகாது என்பது உண்மைதான். ஆனால் வெயிலில் இளகி, சட்டங்களுக்கு இடையில் தொய்கிறது, திருகாணியும் அதில் உறுதியாக நிற்பதில்லை. படகு கட்டுவோர் பயன்படுத்தும் கெட்டி ஃபோம், இரு பக்கமும் ஃபைபர் போர்த்தினால் எடை குறைந்த அருமையான தளமாகும்; அதற்குப் பழகிய கையும் கூடுதல் பணமும் வேண்டும். அலுமினியத் தகடு நண்பகலில் வெறுங்காலோடு நிற்க முடியாத அளவுக்குச் சுடும் என்பதால் அதை உடனே விட்டுவிட்டோம்.

ஆயினும், எந்தப் பலகை என்பதைவிட அதை எப்படி மூடுகிறோம் என்பதே தளத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். கொதிநீர்ச் சோதனை பசையைப் பற்றியது. ஈரம் உள்ளேயே தங்கிவிட்டால் மரம் எப்படியும் அழுகும். அதிலும் உப்பு நீரைவிட, கரையில் நிற்கும்போது கசிந்து இறங்கும் மழைநீர்தான் அதிகக் கேடு செய்கிறது. பழைய தளத்தில், ஃபைபர் வேலைக்கான பிசினான பாலியெஸ்டர் ரெசினை மேற்பக்கம் மட்டும் பூசியிருந்தார்கள். அது மரத்தோடு நன்றாக ஒட்டாமல் நாளடைவில் உரிந்து, தண்ணீரை உள்ளே விட்டுவிட்டது. இம்முறை பலகையை அளவுக்கு வெட்டி, நிழலில் ஒரு வாரம் காயவைத்து, இரு முகங்களுக்கும் இரண்டு பூச்சும், நீரை அதிகமாக உறிஞ்சும் விளிம்புகளுக்கு மூன்று பூச்சும் எபாக்சி (மரத்தோடு இறுக ஒட்டும், இரு பொருள்களைக் கலந்து பூசும் பிசின்) கொடுத்தோம். திருகாணித் துளைகளைத் தேவைக்கு மேல் பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் நிரப்பி, இறுகிய பின் நடுவில் மீண்டும் துளையிட்டதால், உலோகம் எங்கும் மரத்தைத் தொடவில்லை. திருகாணிகள் 316 வகைத் துருப்பிடிக்கா எஃகு. 304 வகை சற்று மலிவு, ஆனால் உப்பு நீரில் விரைவில் செம்பழுப்புக் கறை கட்டும். எபாக்சிக்கு வெயில் ஆகாது என்பதால் மேலே பெயின்ட் அடித்து, ஈரம் காயும் முன் சலித்த மணலைத் தூவினோம். மீன் வழவழப்பிலும் கால் வழுக்குவதில்லை.

இப்போதும் தளம் எங்கும் அமுங்கவில்லை. தட்டினால் ஒரே சீரான ஓசை வருகிறது. குறைகளும் உண்டு. எட்டுக்கு நான்கு அடிப் பலகை ஒன்று ஏறத்தாழ 24 கிலோ எடையுள்ளது. எபாக்சியும் சேர்ந்தபின், படகைக் கரையில் இழுக்கும்போது அந்தப் பாரம் நன்றாகவே தெரிகிறது. விலையும் அதிகம், இருந்தாலும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தளத்தைப் பெயர்க்கும் கூலியையும் தொழில் நின்றுபோகும் நாள்களையும் கணக்கிட்டால், இதையே மறுபடியும் வாங்குவேன்.

கெட்டுப்போனது ஒரே இடம்தான். மீன் பெட்டி மூடியைத் தூக்குவதற்காகப் பின்னர் அவசரமாகப் போட்ட விரல் துளைக்கு எபாக்சி பூசாமல் விட்டிருந்தோம். அதைச் சுற்றி இரண்டு விரற்கடை அளவுக்கு மரம் கறுத்து உப்பியிருக்கிறது. அந்த மூடியை மட்டும் இந்தக் கோடையில் மாற்றப்போகிறோம்.