துருவ மாஸ் ஆய்வுக்கு மைக்ரோசாட்டிலைட்டா, ராட் வரிசைப்படுத்தலா?

மாஸ் என்ற சிறு நிலத்தாவரம் எப்படிப் பரவியது என்று டிஎன்ஏவை வைத்து அறிய இரண்டு வழிகள் இவை. மைக்ரோசாட்டிலைட்: சிறு டிஎன்ஏ வரிசை திரும்பத் திரும்ப வரும் சில இடங்களின் நீளத்தை ஒப்பிடுவது. ராட் (RAD): டிஎன்ஏவை நொதியால் வெட்டி, வெட்டிய இடங்களை ஒட்டிய ஏராளமான துண்டுகளைப் படிப்பது.

மாதிரி: மைக்ரோசாட்டிலைட்டுக்கு ஒரே ஒரு தண்டின் டிஎன்ஏ போதும். ராடுக்கு அது பெரும்பாலும் பத்தாது. அதற்காகக் கொத்தோடு அரைத்துவிடாதீர்கள். ஒரே கொத்தில் பல மரபுவகைகள் கலந்து வளரக்கூடும். ஒரு தண்டைத் தனியே வளர்த்துப் பெருக்கிய பிறகு டிஎன்ஏ எடுங்கள்.

மாசு: இலைகளுக்கிடையே பூஞ்சையும் சயனோபாக்டீரியாவும் ஒட்டியிருக்கும். மைக்ரோசாட்டிலைட்டில், இனத்துக்கென வடிவமைத்த பிரைமர் (குறித்த இடத்தில் ஒட்டி அதை நகலெடுக்க உதவும் சிறு டிஎன்ஏ துண்டு) அவற்றைப் பெரும்பாலும் தொடாது; ராட் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்துவிடும். செரடோடான் பர்பூரியஸ் என்ற மாஸ் இனத்துக்கு 2021-இல் மரபணுத்தொகுதி வெளியாகிவிட்டதால், அதோடு ஒப்பிட்டு வடிகட்டலாம். மற்ற பல இனங்களுக்கு இந்த வசதி இல்லை.

பிழை: இரண்டிலும் ஒரே சோதனைதான். இலைத்தண்டு ஒற்றைமடியம் (ஒரே தொகுதி குரோமோசோம் கொண்டது) என்பதால், ஒரு லோகஸில் (டிஎன்ஏவின் ஒரு குறிப்பிட்ட இடத்தில்) இரண்டு அல்லீல் (மாற்றுவடிவம்) தெரிந்தால் மாதிரிக் கலப்பையோ இரட்டித்த லோகஸையோ சந்தேகப்படுங்கள். துருவ ஆய்வில் மிகவும் உதவும் சோதனை இது.

நுணுக்கம்: அண்டார்க்டிகாவில் பல இனங்கள் ஸ்போர் உண்டாக்குவது அரிது, உடைந்த துண்டுகளாலேயே பரவுகின்றன. அதனால் வேறுபாடு குறைவு. மைக்ரோசாட்டிலைட்டின் சில லோகஸ்கள் அதைத் தவறவிடலாம். ஒரே நீள அல்லீல் தொடர்பில்லாத செடிகளில் தனித்தனியாகவும் தோன்றலாம்.

ஒரு பள்ளத்தாக்குக்குள் எது எதன் நகல் என்று அறிய மைக்ரோசாட்டிலைட் போதும். வேறு கண்டத்திலிருந்து எப்போது, எத்தனை முறை வந்தது என்று கேட்டால் ராட்தான்.