கொத்துவதை நிறுத்திய பிறகு இளகிய களிமண்

தோட்டம் போட்ட முதல் வருடம் கடப்பாரை இல்லாமல் ஒரு குழி எடுக்க முடியாது. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் காலில் அப்பிக்கொள்ளும் களிமண். இன்று அதே பாத்தியில் நடுவிரல் முழுவதும் சிரமமில்லாமல் இறங்குகிறது. இடையில் 6 வருடம் போயிருக்கிறது. அதில் பாதி உழைப்பு வீண் என்று இப்போது தெரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

மண் மாறுகிறதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அளந்து பாருங்கள். ஓர் அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, தண்ணீர் நிரப்பி முழுக்க வடிய விடுவேன். மறுபடி நிரப்பி, அது வடியும் நேரத்தைக் குறித்துக்கொள்வேன். முதல் வருடம் மாலையில் ஊற்றியது மறுநாள் காலையிலும் தேங்கிக் கிடந்தது. நான்காம் வருடம் 7 மணி நேரம். போன மாதம் 2 மணி நேரம்கூட ஆகவில்லை. இத்தனைக்கும் ஒரு கூடை மணல்கூடச் சேர்க்கவில்லை. களிமண்ணில் கொஞ்சமாக மணல் கலந்தால் அது இளகாது, இன்னும் இறுகிவிடும்.

மாற்றம் வந்தது மூடாக்கால்தான், அதாவது மண்ணைச் சருகு, வைக்கோலால் மூடி வைப்பதால். முதல் இரண்டு வருடமும் பருவத்துக்கு இரண்டு முறை ஆழமாகக் கொத்தினேன். கொத்திய அன்று பொலபொலவென்று இருக்கும், ஒரு பெருமழை பெய்தால் பழையபடி கெட்டித்துவிடும். திறந்து கிடக்கும் மண்ணில் மழைத்துளி மோதும்போது மண் குருணைகள் உடைந்து, நுண்துகள்கள் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. மேலே ஓடு கட்டுவது அதனால்தான். குருணைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பவை பூஞ்சை இழைகளும் நுண்ணுயிர்கள் சுரக்கும் பசையும். மண்வெட்டி அந்த இழைகளை அறுத்துவிடுகிறது. கூடவே காற்று அதிகமாகப் புகுந்து, மட்கிய பொருள் வேகமாகச் சிதைந்து கரியமில வாயுவாகப் போய்விடுகிறது. நான் சேர்த்ததை நானே கரைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருடத்திலிருந்து கொத்துவதில்லை. சருகு, வைக்கோல், விதை பிடிக்கும் முன் அறுத்த களை, எது கிடைத்தாலும் 2 முதல் 3 அங்குலத்துக்குப் பரப்புகிறேன். மண்புழுக்கள் அதைக் கீழே இழுத்துப் போகின்றன. அவை துளைத்த வழிகளில்தான் இப்போது தண்ணீர் இறங்குகிறது. தொந்தரவும் உண்டு. தண்டை ஒட்டிப் போட்டதால் ஒரு பாத்தி நாற்று முழுக்க அடித்தண்டு அழுகிப் போனது. இப்போது தண்டைச் சுற்றி இரண்டு விரல்கடை இடம் விடுகிறேன். மழைக்காலத்தில் நத்தைகள் அடியில் பதுங்கும். பொடி விதை விதைத்தால் மூடாக்கை ஒதுக்கிவைத்து, செடி ஒரு சாண் வளர்ந்த பிறகே மறுபடி இழுத்துவிட வேண்டும்.

மட்கு உரத்தில் பலரும் சோர்ந்துபோவது குவியல் சூடாகாததால். நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 அடியாவது இருந்தால்தான் வெப்பம் உள்ளே நிற்கும். கரிச்சத்தும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) சுமார் 30க்கு 1 என்ற கணக்கில் அமைய வேண்டும். அந்தக் கணக்கு வர, நான் காய்ந்த சருகு இரண்டு மூன்று கூடைக்குப் பச்சைத் தழை ஒரு கூடை போடுகிறேன். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரும் ஈரம் போதும். இரும்புக் கம்பியைச் செருகி ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் கையில் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சில நாட்கள் நின்றால் பெரும்பாலான களை விதைகள் செத்துவிடும். ஓரத்தில் இருப்பதும் நடுவுக்கு வர, குவியலைப் புரட்டிப் போடுவது அவசியம். மண்புழு உரம் நாற்றுக் கலவைக்கு அருமையானது, முழுப் பாத்திக்கும் போடுமளவு வீட்டுத் தொட்டியில் கிடைக்காது.

என் பெரிய தவறு மரத்தூள். இரண்டாம் வருடம் புதுத் தூளை மண்ணோடு கலந்துவிட்டேன், மூன்றே வாரத்தில் செடியெல்லாம் மஞ்சள். மரத்தூளில் தழைச்சத்து மிகமிகக் குறைவு. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டியதை மண்ணிலிருந்தே எடுத்துக்கொண்டு செடியைப் பட்டினி போட்டன. மேலாகப் பரப்பியிருந்தால் இவ்வளவு பாதிப்பு இருந்திருக்காது. மரச் சாம்பலையும் கணக்கில்லாமல் கொட்டியிருக்கிறேன். அது காரத்தன்மையை ஏற்றிவிடும், மண் பரிசோதனை செய்யாமல் தொடாதீர்கள்.

பாத்தி காலியாகும்போது மண்ணுக்கு உரமாகவே வளர்க்கும் சணப்புச் செடியை விதைக்கிறேன். பூக்கத் தொடங்கியதும் தரையோடு அறுத்து அங்கேயே பரப்பிவிடுவேன், மடக்கிக் கொத்துவதில்லை. வேர் உள்ளேயே மட்கி வழி விட்டுப் போகும். அறுக்கும் முன் ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்தை நிலைநிறுத்தும் வேலை நடக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைகிறது.

நடைபாதையை ஒட்டிய ஒரு பாத்தி மட்டும் இன்னும் இறுக்கம்தான். அறுவடைக்கு அதன் மேல் ஏறி நின்றே பழகிவிட்டேன், மிதிபட்ட மண்ணில் காற்று ஏது! இந்தப் பருவம் குறுக்கே பலகை போட்டிருக்கிறேன், சணப்பும் முளைத்து இரண்டு இலை விட்டிருக்கிறது.