செட்டிநாட்டிலிருந்து கடல் பார்க்கப் போனால்

காரைக்குடியில் எந்த விடுதியில் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் நீட்டுகிறார்கள்: கானாடுகாத்தான் வீடுகள், ஆத்தங்குடிக் கல் பட்டறை, பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, மதியம் இலைச் சாப்பாடு. எல்லாம் நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் "கொண்டுவிக்கப் போன தோணி, கப்பல் பற்றி எங்கேயாவது பார்க்க முடியுமா?" என்று கேட்டால் நம் முகத்தையே பார்க்கிறார்கள். கடல் தாண்டி வணிகம் செய்யப் போவதைத்தான் இந்தப் பக்கம் கொண்டுவிக்கப் போவது என்பார்கள். பர்மா, மலாயா, சிலோன் என்று கடல் தாண்டிச் சம்பாதித்த பணத்தில் எழும்பிய ஊர்கள் இவை. அந்தக் கடலைக் காட்டுவதற்கென்று ஓர் இடம் எனக்கு அகப்படவில்லை. சிங்கப்பூரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வருகிற எங்களைப் போன்றவர்கள் அதை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடிப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கானாடுகாத்தானில் கட்டணம் வாங்கிக்கொண்டு முகப்பும் வளவும் (உள்முற்றம்) காட்டுகிற வீடுகள் இருக்கின்றன. சுற்றிக் காட்டியவர் பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று ஒப்பித்தார். "இவ்வளவு பெரிய தூண் எப்படி வந்தது?" என்று என் மகள் கேட்டதற்கு, "கப்பல்லதாம்மா வந்துச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். எந்தத் துறையில் இறங்கியது, வண்டி கட்டி எந்த வழியாக வந்தது என்று ஒரு வரைபடம் மாட்டி வைத்தால் போதும், கேட்கிற பிள்ளைக்குப் பதில் கிடைத்துவிடும்.

வண்டி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரிலிருந்தே வாட்ஸ்அப்பில் ஒரு டிராவல்ஸில் பேசி முடித்திருந்தோம். சொன்ன தொகை ஒன்று, கடைசியில் வந்த பில் வேறு. ஒரு நாளைக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் என்ற கணக்கு, இரவு பத்து தாண்டினால் இன்னொரு பேட்டா, சுங்கச்சாவடி தனி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஓட்டுநர் மட்டும் தங்கமான பையன். ஏற்கெனவே திட்டத்தில் இல்லாத தொண்டிக்குப் போகலாம் என்றதும், "நம்ம ஊர்ப்பக்கம்தாண்ணே" என்று உற்சாகமாகிவிட்டான்.

தேவகோட்டை, திருவாடானை வழியாக ஒன்றரை மணி நேரத்துக்குள் தொண்டி. கழிவறை வேலையைத் தேவகோட்டையிலேயே முடித்துக்கொள்வது உத்தமம். செட்டிநாட்டுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற பழைய துறை இதுதான். இங்கிருந்து இலங்கைக்குத் தோணி ஓடிய காலம் உண்டு. காரைக்குடியின் அழகப்பா பல்கலைக்கழகம் தன் கடலியல் துறையை இங்கேதான் வைத்திருக்கிறது. கரையில் இப்போது பெரும்பாலும் ஃபைபர் படகுகளும் விசைப்படகுகளும்தான். ஆனால் பனைமர நிழலில் ஒரு மர வள்ளத்தைச் சாய்த்து வைத்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஓடாவி, அதாவது படகுத் தச்சர், ஒருவர் கிடைத்தார். எந்த அருங்காட்சியகத்திலும் கிடைக்காத வழிகாட்டி.

பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை உளி வைத்து அடித்து இறக்கிக்கொண்டே பேசினார். இப்படி இடுக்கை அடைக்கிற கலப்பத்து சரியாக அமையாவிட்டால் எவ்வளவு நல்ல மரமும் ஒழுகுமாம். "வரைபடம் இருக்குமாண்ணே?" என்றேன். "படமெல்லாம் கிடையாது தம்பி. கண்ணளவுதான். ஏராவைப் போட்டா மத்ததெல்லாம் அதுவே சொல்லும்" என்றார். ஏரா என்றால் படகின் அடியில் நீளவாக்கில் ஓடுகிற மரம். பிறகு நான் கேட்காமலேயே வத்தை பற்றி ஆரம்பித்தார். பாக் நீரிணைப் பகுதி ஆழமில்லாத கடல், பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் அடங்கிவிடும். அதனால் இந்தப் பக்கத்துப் பாய்மரப் படகான வத்தைக்கு அடிப்பாகம் தட்டையாக இருக்கும். தட்டையான படகு, பெரிய பாய், பலத்த காற்று என்றால் கவிழாமல் இருப்பது எப்படி? படகுக்குக் குறுக்கே ஒரு நீளப் பலகையைக் காற்று வரும் பக்கமாக நீட்டிக் கட்டி, அதன் மேல் ஆட்கள் ஏறி உட்கார்ந்து எடை கொடுப்பார்களாம். காற்று ஏறினால் இன்னும் வெளியே நகர வேண்டும், தணிந்தால் உள்ளே வர வேண்டும். அவருடைய தகப்பனார் அந்தப் பலகையில் உட்கார்ந்தவர். என் மகன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்ட ஒரே பகுதி இதுதான்.

சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் வைத்திருந்த 'ஜுவல் ஆஃப் மஸ்கட்' கப்பலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆணியே இல்லாமல் கயிற்றால் பலகையைத் தைத்துக் கட்டி, 2010இல் ஓமனிலிருந்து சிங்கப்பூர் வரை ஓட்டி வந்தார்கள். அதற்குக் கூரை, விளக்கு, விளக்கப் படம் எல்லாம் இருந்தன. நம் ஓடாவிகளின் கைவேலை அதற்குக் குறைந்ததல்ல. இந்த நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோசெஸ்டர் வரை பாய் விரித்துப் போயிருக்கிறது.

கூரைக்குக் கீழே பார்க்க வேண்டுமென்றால் கீழடி. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டுப் பாணியிலேயே கட்டியிருக்கிறார்கள், அதற்குள் கடல் வணிகத்துக்கென்று ஒரு பகுதியும் இருக்கிறது. விளக்கங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் பிள்ளைகளுக்கு மொழிபெயர்க்கிற வேலை நமக்கு மிச்சம். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். தரங்கம்பாடிக்கும் போனோம். 1620இல் டேனியர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை அழகுதான், ஆனால் காரைக்குடியிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவது முதுகுக்கு ஆகாது. அங்கேயே ஓர் இரவு தங்குவதாக இருந்தால் மட்டும் கிளம்புங்கள்.

பெரிய தோணிதான் பார்க்க வேண்டும் என்றால் தூத்துக்குடி. பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்கு இன்னமும் சரக்கு ஏற்றிப் போகிற மரத் தோணிகள் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் ஓட்டம் நின்றுவிடும், துறைமுகத்துக்குள் போக முன்கூட்டியே அனுமதியும் வேண்டும். ஜூன் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு இரண்டுமே இடிக்கும். அதனால் டிசம்பருக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். இந்த முறை டிராவல்ஸ் வேண்டாம், அந்த ஓட்டுநர் தம்பியிடமே நேராகப் பேசிவிட்டேன், பேட்டா உட்பட.