பல சர்வர், ஒரே வரைபடம்: கோர்ஸா, ப்ராக்ஸியா?

ஒரு வலைப்பக்க வரைபடத்தில் அடிப்படைப் படம் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து, நில அடுக்கு நம் ஜியோசர்வரிலிருந்து (வரைபடத் தரவை இணையத்தில் வழங்கும் மென்பொருள்), மூன்றாவது அடுக்கு வேறொரு துறையின் சர்வரிலிருந்து. வரைபடத்தைப் படமாகத் தரும் சேவையான டபிள்யூஎம்எஸ்ஸின் படங்கள் சரியாகத் தெரியும். வடிவங்களையும் விவரங்களையும் தரவாகவே தரும் டபிள்யூஎஃப்எஸ்ஸில் கேட்டதும் பிரவுசர் மறுத்துவிடும். வெளித்தளத்துப் படத்தைக் காட்ட அது தடை சொல்வதில்லை. ஸ்கிரிப்ட் தரவைப் படிக்கத்தான் அந்த சர்வரின் சம்மதம் வேண்டும். ஒரே கணினியில் போர்ட் 8080 என்று மாறினாலும் அது வேறு தளம்தான்.

கோர்ஸ் (வேறு தளத்து ஸ்கிரிப்டுக்குத் தரவைப் படிக்க அனுமதி தரும் முறை) வழியில், அந்தச் சம்மதத்தை சர்வரே ஹெடராக, அதாவது பதிலோடு வரும் குறிப்பு வரியாக, அனுப்பும். ஜியோசர்வரின் வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் இதற்கான ஃபில்டரும் அதன் மேப்பிங்கும் ஏற்கெனவே இருக்கின்றன, இரண்டின் கமென்ட்டையும் எடுத்தால் போதும். ஜியோசர்வரை ஓட்டும் மென்பொருள் ஜெட்டியானால் ஒன்று, டாம்கேட்டானால் ஒன்று, மாற்றி எடுத்துவிடாதீர்கள். எனக்கு அரை நாளைத் தின்றது வேறொரு தவறு. டாம்கேட்டிலும் ஹெடர் போட்டு, அதற்கு முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸிலும் போட்டிருந்தேன். ஒரே ஹெடர் இரண்டு முறை வந்தால் பிரவுசர் ஏற்காது. ஏதாவது ஓரிடத்தில் மட்டும் போடுங்கள். என்ஜின்எக்ஸில் போட்டால் கடைசியில் 'ஆல்வேஸ்' சேருங்கள். இல்லாவிட்டால் 500 பிழை வரும்போது ஹெடர் போகாது, உண்மைக் கோளாறு கோர்ஸ் பிழையாகத் தெரிந்து நம்மை அலைக்கழிக்கும். லாகின் குக்கி அனுப்பும் சேவைக்கு எல்லாத் தளங்களுக்கும் அனுமதி என்று சொல்லும் நட்சத்திரக் குறி செல்லாது, தளத்தின் பெயரையே எழுத வேண்டும்.

ரிவர்ஸ் ப்ராக்ஸி (நம் சர்வரே பிற சர்வர்களிடம் கேட்டு வாங்கித் தருவது) என்றால் எல்லா சர்வரும் நம் முகவரிக்குக் கீழேயே வந்துவிடும், பிரவுசருக்குக் கேள்வியே இருக்காது. பிறர் சர்வரில் கைவைக்க முடியாதபோது இதுதான் வழி. ஆனால் வரைபடத்தின் ஒவ்வொரு சிறு படத்துண்டும் (டைல்) நம் சர்வர் வழியாகவே ஓடும். ஜியோசர்வரில் ப்ராக்ஸி அடிப்படை முகவரியை அமைக்காவிட்டால் சேவையின் விவரப் பட்டியலான கெட்கேப்பபிலிட்டீஸில் உள் முகவரிகள் வெளியே வரும். எந்த முகவரியைக் கொடுத்தாலும் எடுத்துத் தரும் பொது ப்ராக்ஸியை மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள். உங்கள் உள் நெட்வொர்க்குக்கே அது வாசல் திறந்துவிடும்.

ஜேசான்பி? பழைய வழி, வெளி சர்வரின் ஸ்கிரிப்டை நம் பக்கத்தில் ஓடவிடுவது. புதிதாகத் தொடங்குபவர் அதைத் தொட வேண்டாம்.

நம் சர்வர்களுக்கு நான் கோர்ஸைத்தான் எடுப்பேன், பிறருடையவற்றுக்கு, குறித்த முகவரிகள் மட்டும் உள்ள ப்ராக்ஸி. அப்புறம், வரைபடத்தைப் பிஎன்ஜியாகச் சேமிக்கும் பட்டன் இருக்கிறதா? அப்படியானால் டபிள்யூஎம்எஸ் படங்களுக்கும் கோர்ஸ் அனுமதி தேவை. பக்கத்தில் வரைபடம் காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ஓபன்லேயர்ஸில் 'கிராஸ்ஆரிஜின்' மதிப்பை 'அனானிமஸ்' என்று வைக்க வேண்டும். சர்வர் ஹெடர் தராமல் அதை மட்டும் வைத்தால், இதுவரை தெரிந்த படமும் மறைந்துவிடும்.