பெப்பர்மின்ட் இறால் என்று நம்பி 480 வெள்ளி (ரிங்கிட்) போச்சு. கடல் தொட்டி வைத்திருப்பவர்கள் படியுங்கள்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, கோர்வையாக எழுத வராது. 480 வெள்ளி! போன சனிக்கிழமை, கோலாலம்பூரில் கடல்மீன் விற்கும் ஒரு கடையில்.

செந்தூலில் என் வீட்டு ஹாலில் மூன்றடிப் பவளத் தொட்டி இருக்கிறது. புதிதாக வாங்கிப் போட்ட கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்தது அய்ப்டேசியா. குட்டித் தென்னை மரம் மாதிரி பழுப்பாக நிற்கும் கடல் சாமந்தி என்ற பிராணி. பக்கத்துப் பவளத்தைக் கொட்டிக் கொட்டியே சாகடிக்கும். நான் புத்தி கெட்டுப்போய்க் கத்தியால் சுரண்டினேன். கல்லில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் திரும்ப முளைக்கிற சனியன் அது. ஐந்து இருந்தது நாற்பதாச்சு.

கடையில் நம்ம தமிழ்ப் பையன். போட்டோவைக் காட்டியதும், "பெப்பர்மின்ட் இறால் விடுங்கண்ணே, ஒரே வாரத்துல தொட்டி கிளீன்" என்றான். அய்ப்டேசியாவைத் தின்னும் இறால் அது. ஒன்று 40 வெள்ளி, பன்னிரண்டு எடுத்தேன். பையை விளக்குக்கு நேராகத் தூக்கி, "கோடு பாருங்கண்ணே, ஒரிஜினல்" என்றான். பார்த்தேன். சிவப்பு உடம்பு, வெள்ளைக் கோடு, வெள்ளைப் புள்ளி, முதுகில் ஒரு கூன். அந்தக் கூன் கண்ணெதிரே இருந்தும் தலையாட்டினேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. "அண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிட்டானே, அதில் விழுந்துவிட்டேன்.

அவை ஒட்டக இறால், கூன் உள்ள வேறு இனம். ஞாயிறு இரவு சிவப்பு டார்ச் அடித்துப் பார்த்தால், என் ஸோவா பவளங்களைச் சுற்றி உட்கார்ந்து பிய்த்துத் தின்கின்றன. அய்ப்டேசியா பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை.

திங்கள் போன் போட்டேன். "தண்ணி சரியில்லாம இருக்கும்ணே." செவ்வாய், "தவுக்கே (முதலாளி) வெளியூர்." புதன் நேரில் போனேன். உயிருள்ளவை மாற்றித் தரப்படாது என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினான். உயிரோடு இருக்கிறதா என்பதா என் சண்டை? வேறு இறாலை விற்றிருக்கிறாய் என்கிறேன்! ரசீதில் வெறும் 'இறால் 12, 480 வெள்ளி'. பெயரே இல்லை. அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும். இப்போது மெசேஜ் போட்டால் நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை.

சரி, விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், பொறுமை இல்லை. பெப்பர்மின்ட் என்றால் உடம்பு கண்ணாடி மாதிரி வெளிறி இருக்கும், மெல்லிய சிவப்புக் கோடுகள், கூன் கிடையாது. ரசீதில் இறாலின் பெயரை எழுதச் சொல்லுங்கள். அய்ப்டேசியாவைச் சுரண்டாதீர்கள், நசுக்காதீர்கள். தொட்டிக்கென்றே விற்கும் சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து, பம்பை நிறுத்திவிட்டு, ஊசிக்குழாயால் அதன் வாயிலேயே வையுங்கள். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அந்த வகைதான். ஒரு நாளைக்கு நாலைந்துக்கு மேல் வேண்டாம், தண்ணீரின் காரத்தன்மை ஏறிவிடும்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட 5 வெள்ளிதான். நாளைக் காலை போகிறேன். அதற்குள் இந்தப் பன்னிரண்டையும் பிடித்தாக வேண்டும். கல்லுக்கடியில் போய் ஒளிந்துகொள்கின்றன, இதுவரை இரண்டுதான் வலையில் விழுந்திருக்கிறது.