கம்பஸ் பெடியனுக்கு எது எடுப்பு: தைத்த சேட்டா, ரெடிமேட்டா, ரீசேட்டா?

வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கும் பம்பைமடுவுக்குப் போகும் காலை பஸ்ஸில் கடைசி இருக்கையில் இருந்து பார்த்தால் மூன்று விதமான பெடியன்களைக் காணலாம். ஒருவன் அண்ணனுடைய சேட்டைப் போட்டதுபோலத் தொளதொளவென்று நிற்பான். இன்னொருவனின் நெஞ்சில் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். ரீசேட் உடம்போடு ஒட்டி, அக்குள் இரண்டும் நனைந்திருக்கும். மூன்றாமவன் வெளிர்நீல அரைக்கைச் சேட், கருநீலக் காற்சட்டை, துடைத்த தோல் செருப்பு. அவனிடம் விலை உயர்ந்தது என்று ஒன்றும் இருக்காது. ஆனாலும் பஸ்ஸால் இறங்கிய பிறகு நினைவில் நிற்பவன் அவன்தான்.

அவனைப் போல உடுக்க என்ன வழி, எதற்கு எது மாற்று, வன்னி வெயிலிலும் புழுதியிலும் எது தாக்குப்பிடிக்கும் என்று பார்ப்போம். என் கட்சியை முதலே சொல்லிவிடுகிறேன். அளவு சரியாக இருக்க வேண்டும். அப்புறம், ஒரு நாளைக்கு உங்கள் உடம்பில் ஒரே ஒரு பொருள்தான் கண்ணைப் பிடிக்க வேண்டும். மற்றதெல்லாம் பக்கத்தில் இருப்பவன் உடுத்தியிருப்பதைப் போலவே இருக்கட்டும்.

காரணம் இருக்கிறது. உங்கள் பக்கத்துக் கதிரையில் இருப்பவன் முல்லைத்தீவிலிருந்து மூன்று சேட்டோடு வந்தவனாக இருக்கலாம். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, முகாமில் இருந்து, திரும்பிப் போய் வெறும் நிலத்தில் தொடங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். அவர்களுக்கு நடுவே உச்சி முதல் கால்வரை பிராண்டோடு வந்து இறங்கினால், பேசிப் பழகுவதற்கு முன்பே ஒரு வேலி விழுந்துவிடும். காசுக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. பல்கலைக்கழக மாணவருக்கு மாதாமாதம் கிடைக்கும் மகாபொல உதவித்தொகையை 2025 பாதீட்டில் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தினார்கள். சாப்பாடு, பஸ், போட்டோகொப்பி எல்லாம் போக மிஞ்சுவதில்தான் உடுப்பு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒத்துப்போவது என்றால் பயந்து உடுப்பது என்று அர்த்தமில்லை. முதலாம் வருடக்காரர் இன்ன நிறம்தான் போடலாம், கையை மடிக்கக் கூடாது என்று சீனியர் போடும் கட்டளை பகிடிவதையின் ஒரு முகம். பகிடிவதையை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அதற்குப் பணிந்து உடுப்பதை நான் இங்கே கணக்கில் எடுக்கவே இல்லை.

தைப்பதா, ரெடிமேட்டா?

முதலாம் வருடத்தில் நகரத்துக் கடை ஒன்றில் ‘ஸ்லிம் பிற்’ சேட் வாங்கினேன். கண்ணாடிக்கு முன்னால் கைகளைத் தொங்கவிட்டு நின்றபோது நன்றாகத்தான் இருந்தது. அடுத்த நாள் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்ததும் அக்குள் தையல் பிரிந்தது. கொண்டுபோய்க் காட்டினால், உடுத்த சேட்டை மாற்றித் தர மாட்டோம் என்றார்கள். கடையில் சேட்டைப் போட்டுப் பார்க்கும்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள், கதிரையில் இருந்து பாருங்கள் என்று தம்பிமாரிடம் நான் சொல்வதற்கு அந்த நாள்தான் காரணம்.

அதற்குப் பிறகு கிளிநொச்சியில் ஒரு தையற்கடைக்குப் போனேன். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டிருந்த ஐயா என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது: “தம்பி, நெஞ்சை நிமித்தாதேங்கோ. வழமையா நிக்கிற மாதிரி நில்லுங்கோ.” நான் மூச்சை விட்டுத் தோளைத் தளர்த்திய பிறகுதான் நாடாவை வைத்தார். தோள் எலும்பு முடியும் இடத்தை விரலால் அழுத்திக் காட்டி, “கைத் தையல் இதில வர வேணும். இதுக்குக் கீழ இறங்கினா இரவல் சேட் மாதிரித் தெரியும்” என்றார். கழுத்துக்கு அளவெடுக்கும்போது நாடாவுக்குள் தன் இரண்டு விரலை விட்டுக்கொண்டார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தச் சேட்டை நான்கு வருடம் போட்டேன்.

துணிக் கணக்கு இப்படி: 58 அங்குல அகலத் துணி என்றால் நடுத்தர உடம்புக்கு முழுக்கைச் சேட்டுக்கு 1.6 மீற்றர் போதும். 44 அங்குல அகலம் என்றால் இரண்டேகால் மீற்றர் அளவில் வேண்டும். பருத்தித் துணியை வாங்கிய கையோடு தைக்கக் கொடுக்காதீர்கள். ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவிட்டு, மினுக்கிக் கொடுங்கள். பருத்தி முதல் கழுவலில் 3 முதல் 5 வீதம் வரை சுருங்கக்கூடியது. 28 அங்குல நீளச் சேட்டில் அது ஒரு அங்குலத்துக்கு மேல்கூடப் போகலாம், குனிந்தால் முதுகு தெரியும் அளவுக்கு.

ரெடிமேட்டை அதற்காகத் தள்ளிவிடவும் முடியாது. அதன் கொலர் ஒரே சீராக நிற்கும். தொழிற்சாலையில் உள்துணியைச் சூட்டில் அழுத்தி ஒட்டுகிறார்கள், சின்னத் தையற்கடையில் அந்த அழுத்தம் வராது. அன்றைக்கே உடுத்திக்கொண்டும் போகலாம். தீபாவளி, பொங்கல் காலத்தில் தையற்கடையில் நாள் வாங்குவதே பெரும்பாடு. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஏற்றுமதிக்குத் தைக்கும் ஆடைத் தொழிற்சாலைகள் இருப்பதால், நல்ல தையலைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் நம் ஒழுங்கைகளிலேயே இருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கை அக்கா ஒருவர் நான் வாங்கி வந்த சேட்டைக் கையில் எடுத்ததும் உட்புறத்தை வெளியே திருப்பினார். “வெளியால எல்லாச் சேட்டும் வடிவுதான் தம்பி. உள்ளுக்குப் பார்.” பக்கத் தையலில் நூல் பிசிறு தொங்குகிறதா, ஓரம் மடித்துத் தைத்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு பெருவிரல் நகத்தை வைத்துத் தையலை எண்ணினார். அங்குலத்துக்குப் பத்துக்குக் குறைந்தால் வைத்துவிட்டு வா என்றார். கடைசியாகப் பட்டன் ஒவ்வொன்றையும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

இரண்டில் எது? முதல் இரண்டு சேட்டைத் தையுங்கள். அவசரத்துக்கு ரெடிமேட் எடுத்தால் தோள் சரியாக இருக்கிறதை எடுத்து, இடுப்புப் பக்கத்தைத் தையற்கடையில் கொஞ்சம் பிடிக்கக் கொடுங்கள். பக்கத் தையலைப் பிரித்துப் பிடிப்பது சின்ன வேலை. தோளைத் திருத்துவது கிட்டத்தட்ட புதிதாகத் தைப்பதற்குச் சமம். சேட்டை வெளியே விட்டுப் போடுகிறவர்களுக்கு நீளம் காற்சட்டையின் பின்பொக்கற்றில் பாதிவரை வந்தால் அளவு.

ரீசேட்டின் இடம்

ரீசேட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மைதானம், ஹொஸ்டல், சனிக்கிழமைச் சந்தை எல்லாவற்றுக்கும் அதுதான் சரி. ஆனால் பெரிய பிராண்டின் பெயரைப் போட்டு மலிவாக விற்கும் போலிகளை எடுக்காதீர்கள். பத்துக் கழுவலில் எழுத்து வெடித்துவிடும், அது போலி என்பதும் பார்த்தவுடனேயே தெரிந்துவிடும். ஒன்றும் எழுதாத, சதுர மீற்றருக்கு 160 முதல் 180 கிராம் எடையுள்ள பருத்தி ரீசேட் எங்கள் வெயிலுக்குப் பொருத்தம். அதைவிட மெல்லியது உடம்பைக் காட்டும், தடித்தது வேகவைக்கும். வகுப்புக்குப் போடுவதென்றால் கொலர் வைத்த ரீசேட்டை எடுங்கள். செயற்றிட்டத்தை எழுந்து விளக்க வேண்டிய நாளில் அதுவும் வேண்டாம், சேட்தான்.

துணியும் நிறமும்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் பொலியெஸ்டர் உடுத்தியவனைப் பார்க்கவே பாவமாக இருக்கும். பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8.5 வீத ஈரத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும், லினன் 12 வீதம் அளவில். பொலியெஸ்டர் வாங்குவது 0.4 வீதம்தான். அதனால் வியர்வை தோலிலேயே தங்கும். இறுக்கமான பொலியெஸ்டர் காற்சட்டையோடு நாள் முழுக்க இருந்தால் தொடை இடுக்கில் படை வரும். வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் சொறிந்துகொண்டு இருந்த நண்பர்களை எனக்குத் தெரியும். தம்பிமாரே, அது மருந்தில் மாறும் வருத்தம், வைத்தியரிடம் போங்கள். லினன் நல்லதுதான், ஆனால் பஸ்ஸில் இருந்து எழும்புவதற்குள் கசங்கிவிடும். பருத்தி 60, பொலியெஸ்டர் 40 வீதக் கலவை கசங்காமல் நிற்கும், விலையும் தாங்கும். மினுக்கப் பெட்டி இல்லாத அறையில் இருப்பவருக்கு அது மோசமில்லை.

நிறத்தில் என் முதல் தெரிவு வெளிர்நீலம். உயர்தரம் முடித்து வந்த எல்லோரிடமும் வெள்ளைச் சேட் இரண்டு மூன்று இருக்கும். ஆனால் வவுனியாக் கிணற்றுத் தண்ணீர் கடின நீர். அதில் உள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து அழுக்குப் படலமாகத் துணியில் ஒட்டிக்கொள்ளும். ஆறே மாதத்தில் வெள்ளை சாம்பல் பூத்துவிடும். கட்டிச் சவர்க்காரத்துக்குப் பதில் சலவைத்தூள் போட்டால் அந்தப் படலம் குறையும். மழைத் தண்ணீர் பிடித்துக் கழுவினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வெளிர்நீலம், இளம்பச்சை, மெல்லிய கோடு போட்டது ஆகியவை அந்த மங்கலைக் காட்டிக்கொடுக்காது. கறுப்பு அழகுதான், ஆனால் மத்தியான வெயிலில் சூடு ஏறும், முதுகில் வியர்வை காய்ந்து உப்புக் கோடு விழும்.

ஜீன்ஸும் பருத்திக் காற்சட்டையும்

ஜீன்ஸ் சுரங்கத் தொழிலாளரும் கூலிக்காரரும் உடுத்த உடுப்பு. பொக்கற் கிழியாமல் செப்பு ஆணி அடிக்கும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தது 1873இல். உழைப்புக்குப் பிறந்ததால் உரமானது, கிழமைக்கு ஒரு தடவை கழுவினாலும் போதும், எவன் போட்டாலும் வித்தியாசமாகத் தெரியாது. ஒத்துப்போவதற்கு அதை மிஞ்சிய உடுப்பு இல்லை.

ஆனால் மாரி மழையில் ஜீன்ஸ் கழுவிய ஹொஸ்டல்காரனைக் கேட்டுப் பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் மூன்று நாள் கொடியில் கிடந்தும் இடுப்புப் பட்டி ஈரமாகவே இருக்கும், பூஞ்சண வாசம் வேறு. பருத்திக் காற்சட்டை ஃபானுக்குக் கீழே ஓர் இரவில் காயும். நான் சொல்வது: கருநீலத்தில் கிழிசல், வெளிறல் இல்லாத ஜீன்ஸ் ஒன்று, செம்மண் நிறத்திலோ கடும் சாம்பலிலோ பருத்திக் காற்சட்டை இரண்டு. கால் நீளம் கணுக்காலில் மடிந்து குவியக் கூடாது. குவிந்தால் எவ்வளவு நல்ல காற்சட்டையும் இரவலாகிவிடும். கீழ்ப்பக்கம் வெட்டி மடித்துத் தைக்கத் தையற்கடையில் அதிக நேரம் ஆகாது. கணுக்காலை நெரிக்கும் ஸ்கின்னியை நான் விரும்புவதில்லை, சைக்கிள் ஓடுகிறவனுக்கு அது தண்டனை.

காலுக்கு

வெள்ளைச் சப்பாத்து இப்போது எல்லோருக்கும் ஆசை. யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கும் கிளிநொச்சி அறிவியல் நகரில் ஏ9 வீதியால் இறங்கிச் செம்மண் ஓரத்தில் நடந்தவனுக்கு அது எத்தனை நாள் வெள்ளையாக இருக்கும் என்று தெரியும். கழுவிக் கழுவியே உழைப்பு போய்விடும். கபில நிறத் தோல் செருப்பு, பின்னால் வார் உள்ளது, எங்கள் மண்ணுக்கும் வெயிலுக்கும் நன்றாகப் பொருந்தும். புழுதி படிந்தால் ஈரத் துணியால் ஒரு துடைப்பு. சேட்டுக்கும் எடுப்பு, வேட்டிக்கும் எடுப்பு. குறை ஒன்றுதான்: ஆய்வுகூடத்துக்கும் பட்டறைக்கும் உதவாது. அமிலமோ சூடான உலோகமோ விழுந்தால் திறந்த கால் தப்பாது. அங்கே மூடிய சப்பாத்து, முழுக் காற்சட்டை. நெருப்புக்கு அருகே பருத்திதான் வேண்டும், செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும். சப்பாத்து வாங்கினால் கடும் சாம்பலோ கபிலமோ எடுங்கள். ரப்பர்ச் செருப்பு ஹொஸ்டல் கிணற்றடியோடு நிற்கட்டும்.

வாணிவிழாவும் பொங்கலும்

இந்த நாட்களில் வேட்டிக்கு மாற்றே இல்லை. பட்டு வேட்டியா பருத்தி வேட்டியா என்றால், மாணவனுக்குப் பருத்தி, ஒடுங்கிய கரை. கரையின் நிறத்தில் சேட் போட்டால் அன்றைக்கு அதுவே போதும், தங்கச் சங்கிலியும் கறுப்புக் கண்ணாடியும் மிகை. கட்டிப் பழக்கமில்லாத முஸ்லிம், சிங்கள நண்பர்களும் வாணிவிழாவுக்கு ஆசையாக வேட்டி கட்ட வருவார்கள். ஒட்டு வேட்டி ஒன்றை மேலதிகமாக வைத்திருந்து கொடுங்கள். முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிறவர்கள் அதே வேட்டியைத் துவைத்து மடித்துப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

வாங்கும் ஒழுங்கு

மகாபொலக் காசு கையில் வந்த மாதம் துணி வாங்கி ஒரு சேட் தையுங்கள். அடுத்த முறை பருத்திக் காற்சட்டை ஒன்று. பிறகு தோல் செருப்பு. அதற்குப் பிறகு இரண்டாவது சேட், அதை முதலாவதிலிருந்து வேறு நிறத்தில், காற்சட்டைக்கும் ஒத்துப்போகிற மாதிரி எடுங்கள். ஜீன்ஸ் வீட்டிலிருந்து கொண்டுவந்தது போதும். ஆய்வுகூடத்துக்குப் பாடசாலைச் சப்பாத்து ஒரு வருடம் உழைக்கும், அடி தேய்ந்திருந்தால் சந்தையடியில் தைத்துத் தருவார்கள். மணிக்கூடோ நல்ல பெல்ட்டோ ஆசையாக இருந்தால் கடைசியில் வாங்குங்கள். அன்றைக்குக் கண்ணைப் பிடிக்கும் அந்த ஒரு பொருளாக அது இருந்துவிட்டுப் போகட்டும்.